கதவு கழற்றிய அலுமாரி

ஷாமினி,

கல்யாணத்துக்கு முன்னம் ஒருநாள் உன்னைப் பக்கத்தில் இருத்திவைத்து ஆறுதலாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நான் முதல் வசனத்தை முடிப்பதற்குள் நீ எழும்பிப் போய், கொடியில் காயும் துணிகளை எடுத்து, பாதியை மடித்து, மீதியைக் கதிரையில் போட்டுவிட்டு, "சொல்லுங்கோ அம்மா, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்பாய். கேட்டுக்கொண்டும் இருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒரே இருப்பில் இருந்து வாசிக்க வேண்டியதில்லை. நின்றுகொண்டு வாசி, நடந்துகொண்டு வாசி, பாதியில் விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாசி. எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதும் நீ சொன்னாய்: "எழுதுங்கோ. ஆனா எனக்கு மட்டும் எழுதாதீங்கோ. என்னைப்போலப் பிள்ளையளை வைச்சிருக்கிற ஆக்களும் வாசிக்கட்டும்." ஆகவே உனக்குத் தெரிந்த கதையையே, தெரியாத அவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். ஒரே ஒரு அறை. அதற்குள் அப்பா, நான், நீ, பிறகு தம்பி யூட். சுவரிலிருந்து சுவருக்கு ஒரு நைலோன் கயிறு. எங்கள் நாலு பேரின் உடுப்பும் அதில்தான் தொங்கும். உன் பள்ளிக்கூடப் பையும் அதே கயிற்றின் முனையில். சீப்பு, தண்ணீர்ப் போத்தல், செபமாலை, அப்பாவின் சேட்டு எல்லாம் ஆணியில். பாயில் படுத்தபடியே வீட்டிலுள்ள அத்தனை பொருளையும் நீ பார்க்கலாம். நீ அப்போதே சரியான துடியாட்டக்காரிதான். ஆனால் அங்கே ஒருவரும் உன்னை மறதிக்காரி என்று சொன்னதில்லை. எதையும் நீ தொலைத்ததாக எனக்கு ஞாபகமும் இல்லை. அந்த அறையைவிட்டு எப்போது வெளிக்கிடுவோம் என்றே நானும் அப்பாவும் காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த அறை உனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

சண்டை முடிந்து மன்னாரில் எங்கள் ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. அப்பா தச்சு வேலை தெரிந்தவர். முகாமிலிருந்த காலமெல்லாம் சுவருக்கு வர்ணம் அடிக்கிற வேலைதான் அவருக்குக் கிடைத்தது. ஊருக்கு வந்து உளியைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் செய்த பொருள் ஒரு அலுமாரி. வேப்ப மரத்தில், இரண்டு கதவும் பூட்டும் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு ஒதுக்கிச் செய்தார். கதவு சாத்தும்போது சத்தமே வராது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து சாத்திக் காட்டுவார்.

அந்த அலுமாரி வந்த பிறகுதான் உன் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின. சப்பாத்தில் ஒன்று இருக்கும், மற்றதைக் காணோம். கணக்குக் கொப்பி வீட்டில், நீ பள்ளிக்கூடத்தில். மறுநாள் கொப்பி பள்ளிக்கூடத்தில், நீ வீட்டில் அழுதுகொண்டு. காலையில் "போய் உடுப்பை மாத்தி, தலையை இழுத்து, பையை எடுத்துக்கொண்டு வா" என்பேன். "ஓம் அம்மா" என்று ஓடுவாய். நேரம் போகும், நீ வரமாட்டாய். அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கை சட்டைக்குள், மறு கை வெளியே, யன்னலில் பல்லி பூச்சி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் சொன்ன மூன்று வேலையும் வாசலிலேயே உதிர்ந்துபோயிருக்கும். உன்னைப் பற்றி ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். "முகாமில வளர்ந்த பிள்ளை, பழக நாளெடுக்கும்" என்றார் ஒருவர். "சண்டைக்குப் பயந்து ஓடின தாயின்ர பிள்ளை, அந்தப் பயம் பிள்ளையிலயும் இருக்கும்தானே" என்றார் இன்னொருவர். சொந்தக்காரர், "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்கள்" என்றார்கள். நீ "வர்றேன், போறேன்" என்று தமிழ்நாட்டுப் பேச்சுப் பேசியதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள், அதனால்தான் மனம் குழம்பியிருக்கிறாய் என்று நானும் நினைத்தேன். எல்லா விளக்கமும் பொருத்தமாகவே இருந்தன. ஒன்றாலும் உன் சப்பாத்துக் கிடைக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. நான் வயலில் களை பிடுங்கப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் முன்பள்ளியிலிருந்து தம்பியைக் கூட்டிவருவது உன் பொறுப்பு. நான் வீட்டுக்கு வந்தபோது நீ விறாந்தையில் தனியாக இருந்து விளாங்காய் தின்றுகொண்டிருந்தாய். "தம்பி எங்க?" என்று கேட்டேன். உன் முகம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. விளாங்காய் கையிலிருந்து விழுந்தது. குளக்கட்டில் சேற்றில் புதைந்த உழவு மெஷினை ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்களாம். நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம். பார்த்து முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாய். தம்பி என்று ஒருவன் இருப்பதே உன் தலைக்குள் இல்லாமல் போயிருந்தது. யூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பள்ளி ரீச்சர் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு தீத்திக்கொண்டிருந்தா. ஆனால் அதற்குள் அப்பா வந்துவிட்டார், விசயம் தெரிந்துவிட்டது. அவர் உன்னை அடிக்கவில்லை. "உன்னை நம்பி ஒரு கோழிக்குஞ்சையும் விட்டிட்டுப் போகேலாது" என்றார். அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரம் உன்னைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தோம். கோயிலுக்கு ஓடினேன். அயலட்டையில் எல்லாரும் குளப்பக்கம் போய்க் கூப்பிட்டார்கள். வீட்டு வாசலில் வந்து விழுந்தபோது யூட் என் சீலையைப் பிடித்து இழுத்து, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விசயம்போல, "அக்கா அலுமாரிக்க இருக்கிறா" என்றான். அப்பா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கீழ்த்தட்டில் என் சேலைகளுக்கு மேலே முழங்காலைக் கட்டிக்கொண்டு நீ இருந்தாய். நனைந்த கோழிபோல வேர்த்திருந்தாய். "ஏனம்மா இதுக்குள்ள வந்தனீ? எல்லாரும் பயந்துபோனம்" என்று கேட்டேன். நீ எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

"கதவைச் சாத்தினா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் எனக்கு மறந்துபோகுது. நானும் உள்ளுக்க இருந்தா, உங்களுக்கும் என்னை மறந்துபோகும் எண்டு நினைச்சன்."

அப்பா வெளியே போய் இருட்டுகிற முற்றத்தில் நின்றார். நான் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபட்டது.

அந்த முன்பள்ளி ரீச்சருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். அடுத்த நாளே வீட்டுக்கு வந்து, "அக்கா, பிள்ளையை ஒருக்கா மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில காட்டுங்கோ. இது குழப்படி இல்லை, வேற ஏதோ" என்று சொன்னவ அவதான். கிளினிக்கில் இருந்த டொக்டர் சிங்களப் பிள்ளை, நல்ல இளவயது. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிப் பேசினா. நான் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவ உன்னோடு கொஞ்சம் விளையாடினா, உன் கொப்பிகளைப் புரட்டினா, பள்ளிக்கூடத்திலிருந்தும் கேட்டு எழுதி எடுத்துவரச் சொல்லி அனுப்பினா. இன்னொரு நாள் போனபோது கேட்டா: "அம்மா, முந்தி இருந்த இடத்திலயும் இப்பிடித் துலைச்சவவா?" இல்லை என்றேன். "ஏன் இல்லை?" என்றா. அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். கயிறு, ஆணி, பாய். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டா. "கண்ணுக்குத் தெரிஞ்சா அவவுக்கு அது இருக்கு. தெரியாட்டி இல்லை. அதுதான் அம்மா" என்றா.

அதற்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னா. சண்டையாலும் வரவில்லை, செல்லத்தாலும் வரவில்லை, நீ வேண்டுமென்றும் செய்யவில்லை, மூளை வேலை செய்கிற விதம் அப்படி என்று விளங்கப்படுத்தினா. மாத்திரையும் தந்தா. சில வருசம் அதை எடுத்தாய், அது உனக்கு உதவியது. ஆனால் அன்றைக்கே அவ சொன்னது: "மாத்திரை கவனத்தைப் பிடிச்சுத் தரும். சப்பாத்தை எங்க வைக்கிறது எண்டு அது சொல்லித் தராது. அதை நீங்கள்தான் சொல்லிக் குடுக்க வேணும்." திரும்பி வரும்போது, மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நீ சீற்றில் முழங்காலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் அழுதுகொண்டு வந்தேன். அது துக்கத்தால் வந்த அழுகை இல்லை மகள். நீ கெட்ட பிள்ளை இல்லை என்று ஒருவர் கடைசியில் சொன்ன ஆறுதல்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அலுமாரிக் கதவைக் கழட்டுவமோ?"

அவர் கையைக் கழுவியபடியே திரும்பிப் பார்த்தார். "என்ன கதை கதைக்கிறாய்?"

"பிள்ளைக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால இருக்க வேணுமாம்."

"அங்க முகாமில எங்கட சாமான் முழுக்க வாறவன் போறவனுக்கெல்லாம் தெரியத்தானே தொங்கிச்சுது? உன்ர உள்ளுடுப்புக்கூட. ஆர் வந்து எட்டிப் பார்த்தாலும் எங்கட வாழ்க்கை முழுக்க அந்தக் கயித்தில கிடந்தது. சாத்திறதுக்கு ஒரு கதவு. அது ஒண்டுக்காகத்தான் நான் திரும்பி வந்தனான். அதையும் கழட்டச் சொல்லுறியோ?"

உனக்கு இது தெரியாது, இப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்: அப்பா பிடிவாதத்தால் மறுக்கவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். ஒரே வீட்டுக்குள் உனக்குத் தேவையானதும் அவருக்குத் தேவையானதும் எதிரெதிராக நின்றன. நான் அவரை நெருக்கவில்லை. உன் அறையில் மட்டும் சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டி உன் உடுப்பையும் பையையும் தொங்கவிட்டேன். மாலையில் வந்து அதைப் பார்த்தார். அந்தக் கயிறு அவரைக் கதவைவிடவும் நோகச் செய்துவிட்டது. சாப்பிடாமலே போய்ப் படுத்தார்.

அவர் மனம் மாறியதற்கு நான் காரணமில்லை, நீதான். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் நீ அவரது பட்டறையிலேயே கிடப்பாய். தகரம் வேய்ந்த சின்னப் பத்தி, ஒரு பக்கச் சுவர் முழுக்க உளியும் வாளும் சுத்தியலும் மாட்டியிருக்கும். ஒரு நாள் யாரோ யன்னல் நிலை செய்யச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அப்பா தலை நிமிராமல், "அரை இஞ்சு உளி" என்பார், நீ எடுத்துக் கொடுப்பாய். "மட்டம்" என்பார், கொடுப்பாய். முடிந்ததும் வாங்கி, எடுத்த இடத்திலேயே மாட்டுவாய். யாரும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பொழுதுபட்டதும் அப்பா வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். குசினிக்கு வந்து என்னிடம் சொன்னார்: "என்ர உளி ஒண்டுகூட இண்டைவரைக்கும் இந்தப் பிள்ளையின்ர கையால துலையேல்லையப்பா. அங்க ஒண்டுக்கும் கதவில்லை."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். நீ ஆணிகளை வாங்கி ஒரு கோப்பைக்குள் போட்டுக்கொண்டு நின்றாய். கழற்றிய இரண்டு கதவையும் அவர் எறியவில்லை. சேர்த்துக் கால் பூட்டி ஒரு நீட்டு மேசை செய்தார். ஒரு முனையில் நீ படிக்க, மறுமுனையில் நான் இருந்து தைக்க. எங்கள் இருவருக்கும் என்று மூடி போட்ட ஒரு பெட்டியும் செய்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். அந்த மனிதரை நீ மறதியில்கூட மறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். என்றாலும் இதை எழுதிவைக்க விரும்பினேன்.

கதவு கழன்ற அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று வாசிக்கிற தாய்மார் நினைக்கக் கூடாது. நான் உற்சாகத்தில் செய்த கூத்தைக் கேளுங்கள். பல்லுத் தீட்டுவதற்கு ஒரு படம், சப்பாத்துக்கு ஒரு படம், கொப்பிக்கு ஒரு படம் என்று வீடு முழுக்கப் படம் வரைந்து ஒட்டினேன். முதல் கிழமை நீ ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாய். இரண்டாம் கிழமை பார்த்தும் பாராமலும் போனாய். மூன்றாம் கிழமை அவை உனக்குச் சுவரோடு சுவராகிவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கிழித்தேன். நீ கிழித்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, கோவிக்காதீங்கோ. நீங்கள் வைச்ச இடம் உங்கட இடம். நான் வைச்சாத்தான் எனக்கு ஞாபகம் வரும்." அதன் பிறகு எந்தப் பொருளுக்கும் நீதான் இடம் தெரிவு செய்தாய். பள்ளிக்கூடப் பையைக் குசினி வாசல் நிலையில் மாட்டச் சொன்னாய். புத்தியுள்ள யாரும் பையைக் குசினியில் மாட்டமாட்டார்கள். ஆனால் காலையில் நீ கடைசியாக வந்து நிற்கிற இடம் அதுதான், புட்டுக்காக. ஒரு நாளும் பை தவறவில்லை. புட்டு மணத்தோடு பள்ளிக்கூடம் போனது, அது வேறு கதை.

ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்வதை நிறுத்தினேன். ஒன்று சொல்வேன், முடித்துவிட்டு வந்து முகத்தைக் காட்டுவாய், அடுத்ததைச் சொல்வேன். வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் இருந்து தைத்தேன். நான் சொல்லித் தந்தது ஒன்றும் இல்லை, எனக்கு உன் கணக்கு விளங்கவும் இல்லை. ஆள் பக்கத்தில் இருந்தாலே உன் கை ஓடியது, எழும்பிப் போனால் நின்றது. "ஏன் செய்யேல்லை?" என்று கேட்பதையும் விட்டேன். அதற்கு உன்னிடம் மறுமொழி இருந்ததே இல்லை, கண்ணீர்தான் இருந்தது. "எந்த இடத்தில நிண்டது?" என்று கேட்கப் பழகினேன். அதற்கு மறுமொழி வந்தது. "பேனைக்கு மை முடிஞ்சுது, தேடப் போனன், பூனை குட்டி போட்டிருந்துது." நல்லது, பூனையைப் பார்த்தாயிற்று, இந்தா பேனை என்பேன். இதெல்லாம் எழுத லேசாக இருக்கிறது. ஒவ்வொன்றும் பழக்கத்துக்கு வர மாதங்கள் எடுத்தன. வந்தது பிறகு விட்டுப்போகும். விட்டுப்போனதை முதலிலிருந்து தொடங்குவோம். உன் வகுப்பு ரீச்சர் உன்னை முன் வாங்கில் இருத்தி, கால் உழையும்போதெல்லாம் வெண்கட்டி எடுத்துவர, கொப்பி பங்கிட என்று எழுப்பிவிட்டா. அவவுக்கும் என் நன்றி. பரீட்சையில் நீ பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. வாங்கிய அளவுக்கு நீ பட்ட பாட்டை நான் பார்த்தவள்.

இன்று மன்னார் பட்டினத்துக் கடையில் கைத்தொலைபேசி திருத்துகிறாய். கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் வெள்ளைக் கடதாசியில் கழற்றிய வரிசையிலேயே வைத்து, அதைப் படமும் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பாயாம். உன் முதலாளி சொல்லிச் சிரித்தார். அந்தக் கடைக்குத்தான் பேசாலையிலிருந்து றொஷான் வந்தான், கடலில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு. போன் பிழைக்கவில்லை. ஆனாலும் அவன் திரும்பத் திரும்ப வந்தான்.

பெண் பார்க்க அவன் தாய் வந்த நாளைப் பற்றித்தான் உண்மையில் நான் எழுத வந்தது. முதல் நாள் முழுக்க வீட்டைத் துப்புரவாக்கினேன். கடைசியில் அலுமாரியைப் பார்த்தேன். இத்தனை வருசமாகக் கண்ணுக்குப் படாத அது அன்றைக்குத்தான் எனக்குப் பல்லுப் போன வாய்போலத் தெரிந்தது. நல்ல பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து முன்னால் கட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். "மூடாதீங்கோ அம்மா. நான் அவவுக்குச் சொல்லப் போறன்." நான் எவ்வளவோ மன்றாடினேன். றொஷானுக்குத் தெரியும்தானே, அது போதாதா என்றேன். நீ கேட்கவில்லை. மாமி வந்து இருந்து, தேத்தண்ணியைக் கையில் எடுத்ததும், நீயே அவவைக் கூட்டிப்போய் அலுமாரியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாய். நோயின் பெயரையும், மாத்திரை எடுத்ததையும், தம்பியை விட்டுவிட்டு வந்ததையும்கூட. "உங்கட வீட்டுக்கு வந்தாலும் நான் இப்பிடித்தான் மாமி. கறியை அடுப்பில வைச்சிட்டு மறக்கக் கூடும். அதுக்கு நான் ஒரு வழி வைச்சிருப்பன். ஆனா மறக்கக் கூடும்." மாமியின் முகம் கறுத்துப்போயிற்று. பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று எழும்பிப் போனா.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. றொஷானும், "அம்மா ஒண்டும் கதைக்கிறாவில்லை" என்றுதான் சொன்னான். நீ வேலைக்குப் போய் வந்தாய், சாப்பாடு இறங்கவில்லை. நான் பொறுக்கமுடியாமல் ஒருநாள் வெடித்தேன். "ஏன் சொன்னனீ? ஆர் கேட்டது உன்னை?" அப்பாதான் குறுக்கே வந்தார். "அவள் மறைச்சுப்போட்டுப் போய், அங்க ஒரு அலுமாரிக்குள்ள இருக்க வேணுமோ?" என்றார்.

ஒரு மத்தியானம் மாமி தனியாக வந்தா. கருவாட்டுப் பார்சல் ஒன்று கையில். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "அந்த அலுமாரியை ஒருக்கா பாக்கலாமோ?" என்று கேட்டா. அதற்கு முன்னால் போய் நின்று, தட்டுத் தட்டாகப் பார்த்துவிட்டு, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அன்றைக்கு உனக்கு லீவு. நீயும் அவவுக்குப் பக்கத்தில் இருந்தாய்.

"மோள், நான் அண்டைக்குக் கோவத்தில போகேல்லை" என்றா. "எனக்கு நெஞ்சை அடைச்சுப்போட்டுது. கலியாணம் முடிச்ச புதுசில, கடலுக்குப் போற மனுசனுக்குச் சோறு கட்டி வைச்சிட்டுக் குடுக்க மறந்துபோனன். அந்தாள் கரையில நிண்டு கூப்பிடக் கூப்பிட, நான் வீட்டுக்குள்ள கொடியில தொங்கின சட்டைக்குப் பொத்தான் தைச்சுக்கொண்டு இருந்தனாம். இண்டைவரைக்கும் பெருநாளெண்டா, கலியாண வீடெண்டா அதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரிக்கிறவை. நானும் சேர்ந்து சிரிச்சனான். பள்ளிக்கூடத்தில மொக்கி எண்டவை. வீட்டில விசரி எண்டவை. நானும் அப்பிடித்தான் எண்டு நம்பிப்போட்டன். நீ அண்டைக்குச் சொல்லச் சொல்ல, என்னைப் பற்றித்தான் சொல்லுறாய் போல கிடந்துது."

நீ அவவின் கையைப் பிடித்துக்கொண்டாய். அவவுக்கும் அதுதானா இல்லையா என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல டொக்டர் இருக்கிறார். ஆனால் அந்த மனுசி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இந்த வயசில எனக்கும் சொல்லித் தருவியோ?" என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "முதல்ல ஒண்டை மட்டும் சொல்லுங்கோ மாமி. வீட்டில என்னத்தைத் தேடித் தேடி நீங்கள் ஆகக் களைச்சுப்போறீங்கள்?" என்றாய். அவ யோசிக்கவே இல்லை. "வீட்டுப் பூட்டின்ர திறப்பு" என்றா. நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பட்டறையிலிருந்து அப்பா ஓடி வந்தார்.

மகளே, பிள்ளைக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்த தாய் என்று கிளினிக்கில் சிலர் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் ஒழுங்கானவள் இல்லை. உனக்குச் சொல்லித் தரப் போய்த்தான் நானே அதைப் பழகினேன். கேட்கிற விதத்தை மாற்றினால் மறுமொழி வரும் என்று உன்னிடம்தான் படித்தேன். வெட்கப்பட்டு நான் மூடப் போனதை நீ திறந்தே காட்டினாய், அதனால் ஒரு மனுசிக்குத் தன் வாழ்க்கை விளங்கியது. இதற்கெல்லாம் நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். தாய் மகளுக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன்.

புத்திமதி என்று ஒன்றிரண்டுதான். அந்த வீட்டில் பொருட்களுக்கு உன் இடம் என்று ஒன்றைக் கேட்டு வாங்கு, ஆனால் மற்றவர்களின் மூடி போட்ட பெட்டியைத் திறந்துவைக்கச் சொல்லாதே. களைத்த நாளில் எல்லாம் குலைந்து கிடக்கும், அதைப் பார்த்து நீ குலையாதே, காலையில் ஒரு மூலையிலிருந்து தொடங்கு. றொஷான் கடலுக்குப் போகிற நாட்களில் வேலை ஓடாவிட்டால் மாமியைப் பக்கத்தில் இருத்திக்கொள். அவ கிழிந்த வலையைப் பொத்தட்டும், நீ உன் வேலையைப் பார். இருவருக்கும் நல்லது. எனக்குப் போன் எடு. எடுக்க மறந்தால் நானே எடுக்கிறேன், அதற்காக நீ மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

கல்யாணத்தன்று காலையில் நீ எதையாவது நிச்சயம் மறப்பாய். முகத்திரையோ, பூச்செண்டோ, ஒருபக்கத் தோடோ. அதை நினைத்து இப்போதே பயந்துகொண்டிருக்கிறாய் என்று யூட் சொன்னான். பயப்படாதே. மோதிரம் யூட்டிடம், தாலிக்கொடி என்னிடம், ஊசியும் நூலும் மாமியிடம், மாமி மறந்தால் அப்பாவிடம் இன்னொரு ஊசி. நீ பேசாலைக் கோயில் வாசலுக்கு வந்து நின்றால் போதும். மற்றதெல்லாம் நாங்கள் கொண்டு வருகிறோம்.

அம்மா